ஐம்பத்திரண்டு ஞாயிறும் ஒரு துணிக்கொடியும்

எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, பதினாறு வீடு, ஒரே ஒரு மொட்டை மாடி. மொட்டை மாடியில் ஏழு துணிக்கொடிகள். யார் வீட்டுத் துணி எந்தக் கொடியில், எந்த நாளில் தொங்க வேண்டும் என்று நடந்த சண்டைகளில் இரண்டு குடும்பங்கள் இன்றைக்கும் படியில் எதிரெதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பையன் ஞாயிறு தவறாமல் காலை ஏழு மணிக்குக் கேமராவோடு ஏறி இறங்கியிருக்கிறான். நாற்பத்தாறு வாரம் அது எனக்கே தெரியவில்லை. எனக்கே! அந்த அவமானம் இன்னும் முழுதாக ஜீரணமாகவில்லை.

பையன் என்றா சொன்னேன், வயது இருபத்து நான்கு. எங்களுக்கு எதிர் வீடு. அம்மாவும் பிள்ளையும்தான். அம்மா தபால் அலுவலகத்தில் பார்சல் கவுன்ட்டரில் இருக்கிறாள். பிள்ளை கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸின் ஓரத்தை இழைத்து, பிரேமில் பொருத்தி, கடுகு அளவு திருகாணியை முடுக்கும் வேலை. நாள் முழுக்க ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டே வேலை செய்து, வெளியே வந்த பிறகும் அந்தக் கண் முழுதாகத் திறப்பதில்லை. அதனால் கட்டடத்தில் அவன் பெயர் ஒன்றரைக்கண். வைத்தது நான் இல்லை. பரப்பினது வேண்டுமானால் நானாக இருக்கலாம்.

சம்பளத்தில் பாதியைச் சேர்த்து ஒரு பழைய கேமரா வாங்கினான். அன்றிலிருந்து அவன் எதை எடுக்கிறான், ஏன் எடுக்கிறான் என்பது யாருக்கும் புரியவில்லை. சுவர் விரிசல். மாடிப்படியில் கிடக்கும் பல்பு அட்டை. ஒருமுறை என் நாத்தனார் குடும்பம் வந்திருந்தபோது, ஒரு குரூப் போட்டோ எடுத்துக் கொடுடா தம்பி என்று கூப்பிட்டேன். எட்டுப் பேரும் தலைவாரி, பவுடர் பூசி, சோபாவிலும் சோபாவின் கைப்பிடியிலுமாக உட்கார்ந்திருந்தோம். வந்தான். அரைக்கண்ணால் எங்களை ஒரு பார்வை பார்த்தான். வாசலுக்குப் போய், அங்கே எட்டுப் பேரும் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டான். எட்டு ஜோடி செருப்பு. படம் தெளிவாகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. நாத்தனார் அதற்கப்புறம் மூன்று மாதம் போன் செய்யவில்லை. அது ஒன்றுக்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கொடி விஷயம் எனக்குத் தெரிந்தது தற்செயலாக. பார்சல் ஒட்டும் டேப் வாங்கத்தான் எதிர் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அலமாரியைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் முழுக்க, சீட்டுக்கட்டு அளவில் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"இதெல்லாம் என்னங்க?"

"ஏன் கேக்குறீங்க. கொடி."

"எந்தக் கொடி?"

"நம்ம மாடிக் கொடிதான். ஞாயித்துக்கெழமையானா தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்துக்குறான். ஒரே எடம், ஒரே நேரம், ஒரே கொடி. நாப்பத்தாறு படம் ஆச்சு. பெத்தவ மூஞ்சி ஒண்ணுல இருக்கான்னு பாருங்க! என் லுங்கித் துணி நைட்டி மட்டும் பதினொரு தடவ இருக்கு."

நான் டேப்பை மறந்துவிட்டுக் கிட்டே போனேன். ஒன்பதாவது படத்தில் என் தலையணை உறை, எண்ணெய்க் கறையோடு. பதினான்காவதில் என் வீட்டுக்காரருடைய பனியன். அதிலிருந்த ஓட்டை வழியாக எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் தெரிந்தது. இருபத்திரண்டில் மூன்றாம் மாடி டெய்லரின் உள்பாவாடை. ஊருக்கெல்லாம் தைக்கிறவள், தன்னுடையதை ஊக்குக் குத்திக் கட்டியிருக்கிறாள். அடடா, ஒரு வருடக் கதை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டில் விருந்தாளி, யார் வீட்டில் குழந்தை, யார் வீட்டில் இரண்டு வாரமாக ஆண்பிள்ளைச் சட்டையே காயவில்லை, எல்லாம். நான் பத்து வருடம் படியேறி இறங்கிச் சேகரித்ததை இந்தப் பயல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சேகரித்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து அவன் வேலையிலிருந்து வந்தான்.

"அக்கா, விரல் வைக்காதீங்க! அச்சு அழியும்."

"அழியட்டும்டா. எங்க வீட்டுப் பனியன எதுக்குடா எடுத்து வச்சிருக்க?"

மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னான். சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் போட்டோ கிளப்பில் பன்னிரண்டு பேர். வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு சுவர் முழுதாகக் கொடுப்பார்கள். இந்த வருடம் அது இவனுக்கு. ஆனால் தலைவர் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். ஐம்பத்திரண்டு ஞாயிறில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. கொடியில் எதையும் தொட்டு அடுக்கியிருக்கக் கூடாது. இரண்டில் எது தவறினாலும் சுவர் ஒரு பேங்க் அதிகாரிக்குப் போய்விடும். அவர் ரோஜாப்பூ எடுக்கிறவர். பூ மேல் தண்ணீரை விசிறியடித்துவிட்டுப் பனித்துளி என்கிறவர்.

"இன்னும் ஆறே வாரம்தான். ப்ளீஸ்கா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன்டா சொல்லப்போறேன்?"

சொல்லவும் இல்லை. டெய்லரிடம் மட்டும்தான் சொன்னேன். ஊக்குக் குத்திய பாவாடை நாலு பேர் பார்க்கிற சுவரில் ஏறப்போகிறது என்றால் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் சொல்ல வேண்டாமா? டெய்லர் யாரிடமும் சொல்லவில்லை, கட்டடச் சங்கச் செயலாளரின் மனைவியைத் தவிர. அவளுக்கு அப்போது இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தாளாம். வாய் சும்மா இருக்குமா?

நாற்பத்தேழாவது ஞாயிறு அவன் தொட்டி மேல் ஏறிப் பார்த்தபோது ஏழு கொடியிலும் ஒரு கிழிசல் இல்லை. பெட்டிக்குள் பாச்சை உருண்டையோடு தூங்கிய திரைச்சீலைகள், விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் துண்டுகள், செயலாளரின் ஒரே கோட்டு. கோட்டைத் துவைத்துக் காயப்போட்டு நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. துவைக்கவும் இல்லையாம். சும்மா காற்றாட, என்றார்.

எட்டு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அக்கா. யாருகிட்ட சொன்னீங்க?"

"நானா? எனக்கென்னடா தெரியும்."

"உங்க கொடியில வெல்வெட் சோபா உறை தொங்குது."

"அழுக்கா இருந்துச்சு, துவைச்சேன்."

"உங்க சோபாவுக்கு உறையே கெடையாதுக்கா. நான்தான் செருப்பு எடுக்க வந்தப்ப பாத்தேனே."

இந்த அரைக்கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது.

அடுத்த நாளே படிக்கட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. குழாய் சொட்டினால்கூட அதற்கு ஒரு தாள் ஒட்டுவார். 'நமது மொட்டை மாடி கலைக் கண்காட்சிக்குத் தேர்வாகியுள்ளதை முன்னிட்டு, ஞாயிறு காலை 6.45 முதல் 7.30 வரை கிழிந்த, சாயம்போன மற்றும் உள்ளாடை வகையறாத் துணிகள் கொடியில் தொங்கக் கூடாது. முதல் இரண்டு கொடிகள் வெள்ளை. மூன்று, நான்கு நீலம். ஏனைய மூன்று கொடிகளுக்குப் பூப்போட்டவை அனுமதிக்கப்படும். கிளிப்புகள் ஒரே நிறத்தில் இருத்தல் அவசியம்.'

நாற்பத்தெட்டாவது ஞாயிறு கொடியைப் பார்த்தால் ஜவுளிக்கடை திறப்பு விழா மாதிரி இருந்தது. எல்லாம் இஸ்திரி போட்டது. மடிப்புக் கலையாமல் இருக்க இரண்டு மூலையையும் இழுத்துப் பிடித்துக் கிளிப் போட்டிருந்தார்கள். ஒன்றரைக்கண் தொட்டி மேல் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தான். அப்படியும் ஒரு படம் எடுத்தான். ஞாயிறு விடுபடக் கூடாதே.

அன்று மாலை படிக்கட்டிலேயே எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திப் பேசினான். வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

"இஸ்திரி போட்ட சட்டைய யாராவது காயப்போடுவாங்களா? யோசிச்சுப் பாருங்க. நீங்க எப்பவும் போல இருந்தா போதும். எப்பவும் போல காயப்போடுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

"எப்பவும் போலன்னா?" என்றார் செயலாளர். "எந்த வாரம் போல? ஒரு வரையறை வேணுமில்ல தம்பி."

"வரையறை இல்லாம சார்."

"வரையறை இல்லாம பதினாறு குடும்பம் எப்படி ஒத்துழைக்கும்?"

"ஒத்துழைக்க வேணாம் சார்! அதத்தான் சொல்றேன்!"

"கோவப்படாத தம்பி," என்றாள் டெய்லர். "இப்பப் புரியுது. உனக்குக் கிழிசல் வேணும். சோகமா இருக்கணும். படம் எடுக்குறவங்களுக்கு அதுதானே புடிக்கும்."

அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாற்பத்தொன்பதாவது ஞாயிறு அத்தனையும் கிழிசல். நல்ல துணியைக் கிழிக்க மனம் வராதவர்கள் டெய்லரிடம் வெட்டுத் துணி வாங்கி வந்து தொங்கவிட்டார்கள். டெய்லர் தன் பங்குக்கு நான்கு சட்டைகளைக் கிழித்தாள். தொழில்காரி இல்லையா, கிழிசலும் ஓரம் பிசிறாமல் நேர்கோட்டில் இருந்தது. செயலாளர் ஒரு பனியனில் சிகரெட்டால் சுட்டு ஓட்டை போட்டதாகவும், ஓட்டைகளுக்கு நடுவே சம இடைவெளி விட்டதாகவும் அவர் மனைவியே என்னிடம் சொன்னாள். ஒன்றரைக்கண் இறங்கி வந்து அந்தப் பனியனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், புல்லாங்குழலா?" என்று கேட்டுவிட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. மனுஷர் ரோஷக்காரர். ஐம்பதாவது ஞாயிறு ஒரு துணிகூட இல்லை. ஏழு கொடியும் வெறுமையாக ஆடின. ஒரு மூலையில் ஒரு பச்சை கிளிப். 'நமது உடைமைகள் கேலிக்குள்ளாக்கப்பட்டதால் ஒத்துழைப்பு விலக்கிக்கொள்ளப்படுகிறது' என்று சுவரில் ஒரு தாள். அந்த ஞாயிறு பதினாறு வீட்டிலும் துணி குளியலறைக்குள் காய்ந்து, கட்டடமே ஈர நாற்றம் அடித்தது. அந்தப் பிடிவாதத்துக்கு வெறுங்கொடியைத்தான் எடுத்துவிட்டு வந்தான்.

கடைசி நான்கு படங்களை எடுத்துக்கொண்டு கிளப் தலைவரைப் பார்க்கப் போனான். திரும்பி வந்த முகத்தைப் பார்த்து நானே கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் அவன் அம்மா சொன்னாள்: இந்த நாலும் அடுக்கினதுதான், காலிக் கொடியும் அடுக்கினதுதான் என்றாராம் தலைவர். மீதி இரண்டு ஞாயிறும் நிஜமாக இருந்தால் இவற்றை உள்ளே விடலாம், இல்லாவிட்டால் ரோஜாப்பூ ஏறும் என்றாராம்.

"மூணு நாளா சரியா சாப்பிடல. கடையில யாரோ கெழவருக்கு எடது லென்ஸ வலது பக்கம் மாட்டி அனுப்பிட்டானாம். இந்தக் கட்டடத்துல வாடகைக்கு வந்ததுக்கு நான் ஒரு பூனைய வளத்திருக்கலாம், அது பாட்டுக்கு ஒரு மூலையில இருந்திருக்கும்."

புதன்கிழமை அவனே சுவரில் ஒரு தாள் ஒட்டினான். கண்காட்சி ரத்து, சிரமத்துக்கு மன்னிக்கவும். அவ்வளவுதான். கட்டடமே பொங்கியது. ஒரு வாரம் திரைச்சீலையைத் துவைக்க வைத்து, ஒரு வாரம் சட்டையைக் கிழிக்க வைத்து, கடைசியில் ரத்தாம்! டெய்லர் நான்கு சட்டைக்கும் ஒட்டுப்போட உட்கார்ந்தாள். செயலாளர் மாதிரி ஆட்கள் அவன் வணக்கத்துக்குத் தலையசைப்பதைக்கூட நிறுத்தினார்கள். ஆனால் துணி துணியாகக் கொடிக்கு வந்தது. ஐம்பத்தோராவது ஞாயிறு கறை படிந்த தலையணை உறை, ஒற்றைக் காலுறை, ஊக்குப் பாவாடை, எல்லாம் அதது இடத்தில்.

நான் அன்று சீக்கிரமே எழுந்துவிட்டேன். எதிர் வீட்டுத் தாழ்ப்பாள் மெல்ல விலகும் சத்தம். நான் கதவிடுக்கில் பார்த்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் கேமராவோடு, திருடன் மாதிரி மேலே போகிறான். திரும்பி வரும்வரை படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அங்கேயே இரண்டு படி மேலே உட்கார்ந்துவிட்டான்.

"ரத்தா?" என்றேன்.

"அக்கா."

"ரத்தாடா?"

"இன்னும் ஒரே ஒரு வாரம்கா. உங்க கால்ல விழுறேன். கட்டடத்துல வேற யார் பாத்திருந்தாலும் பயப்பட மாட்டேன்."

இது பாராட்டா, திட்டா என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சரி, சொல்லவில்லை போ என்றேன்.

அந்த வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்பது எனக்குத்தான் தெரியும். திங்கள் டெய்லர் என்னிடம் அவனைக் கழுவிக் கழுவி ஊற்றினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். செவ்வாய் செயலாளரின் மனைவி, "அந்தப் பய வேற ஏதோ மறைக்கிறான், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்" என்று ஆரம்பித்தாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஓடிவந்தேன். பாலே வாங்கியிருக்கவில்லை. புதன்கிழமை என் வீட்டுக்காரர், "பல்லு வலியா? ரெண்டு நாளா வீடு அமைதியா இருக்கு" என்றார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். அவரிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று; சுகமே இருக்காது.

சனிக்கிழமை வரை தாங்கினேன். அதற்கப்புறம் வேறு ஒரு யோசனை வந்து குடைந்தது. பதினான்கு வீட்டுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே! தெரிந்துகொண்டே எண்ணெய்க் கறையைப் போய் எப்படித் தொங்கவிடுவது? ஊருக்கு நடுவே, சுவரில், கடைசிப் படத்தில்? பழைய துணியைக் குளியலறையில் பிழிந்து வாளியிலேயே வைத்துவிட்டு, ஞாயிறு காலை ஆறரைக்கு மேலே போய், புதுப் படுக்கை விரிப்பு ஒன்றை விரித்துப் போட்டேன். மஞ்சளில் பெரிய பெரிய சிவப்புப் பூ. அடக்கமாகத்தான் இருந்தது. போட்டுவிட்டு மாடிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். எடுப்பதையாவது பார்க்கலாமே.

ஏழு மணி. எதிர்க் கட்டடத்துக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தது. கால் மணி நேரம் அந்த வெளிச்சம் துணிக்குள் புகுந்து நிற்கும், அப்புறம் வெறும் வெயிலாகிவிடும் என்று அவனே சொல்லியிருக்கிறான். தொட்டி மேல் ஏறினான். கேமராவைக் கண்ணில் வைத்தான். இறக்கினான். மறுபடி வைத்தான்.

"அக்கா," என்றான், திரும்பாமலே. "கதவுக்குப் பின்னாடி இருக்கீங்கன்னு தெரியும். அந்தப் பூவு யாருது?"

"ஏன், அது துணி இல்லையா?"

"மடிப்பு நாலா தெரியுதுக்கா. தண்ணியே படல. கடைச் சீட்டு இன்னும் மூலையில ஆடுது."

பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"நான் தொடக் கூடாது," என்றான். "தொட்டா முடிஞ்சுச்சு. ஒரு வருஷம்கா. ஒரு வருஷமா ஞாயித்துக்கெழமை தூங்கல நான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் யார் மேல் ஆத்திரம் என்றே தெரியவில்லை. "பெரிய்ய வருஷம்! பனியன எடுக்குறதுக்கு ஒரு வருஷம்!" என்று கத்திக்கொண்டே விரிப்பைப் பிடுங்கினேன். இரண்டு மாடி இறங்கினேன். குளியலறை வாளியைத் தூக்கினேன். இரண்டு மாடி ஏறினேன். எனக்கு முழங்கால் சரியில்லை என்பது கட்டடம் அறிந்தது. மேலே வந்ததும் மூச்சு வாங்கியது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"ஊரான் வீட்டுக் கிழிசல்ல என்னடா அழகு? உன் அம்மாவ எடுத்தியா? எங்கள எடுத்தியா? செருப்ப எடுத்த! இந்தா, இது என் நைட்டி, கக்கத்துல கிழிஞ்சிருக்கு, நல்லா எடுத்துக்க! இந்தா, அவரு பனியன்! போதுமா? இன்னும் கீழ வீட்டுக்குப் போயி மிதியடி எடுத்துட்டு வரட்டுமா?"

ஒவ்வொன்றையும் உதறிப் போட்டேன். தண்ணீர் சிதறி என் முகத்திலேயே விழுந்தது. எண்ணெய்க் கறை, காலர் நைந்த சட்டை, கைப்பிடித் துணி, எல்லாம் போட்டு முடித்துத் திரும்பினால் அவன் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, நான் இன்னும் நகரவே இல்ல. எடுக்கலியா?"

"எடுத்துட்டேன்கா."

"எப்போ?"

"நீங்க மிதியடின்னு சொல்லும்போது."

மூன்று வாரம் கழித்துச் சைக்கிள் கடை மாடியில் கண்காட்சி. ரத்து என்று ஒட்டிய இடத்திலேயே அழைப்பையும் ஒட்டியிருந்தான், மன்னிப்பும் சேர்த்து. கோபத்திலேயே கட்டடம் முழுக்கத் திரண்டு போனது. போன கோபம் பத்து நிமிடம்தான் தாங்கியது. செயலாளர் விரலை நீட்டிக்கொண்டு தன் துணி எத்தனை படத்தில் வந்திருக்கிறது என்று வாய்விட்டு எண்ணினார். டெய்லர் ஊக்குப் பாவாடையைக் காட்டி, "இது யாருதுன்னே தெரியலயே" என்று எல்லாரிடமும் போய்ப் போய்ச் சொன்னாள். அவன் அம்மா தபால் அலுவலகத்து ஆட்களைக் கூட்டி வந்து, நைட்டி பதினொன்று என்று எண்ணிக் காட்டினாள்.

ஐம்பத்திரண்டாவது படத்தின் முன்னால் போய் நின்றேன். வெளிச்சத்துக்கு நடுவே நான். கை தூக்கி, வாய் திறந்து, கொண்டை அவிழ்ந்து, என்னைச் சுற்றி நீர்த்துளி பறக்க. இதைப் பார்த்துவிட்டுத்தான் தலைவர் சுவரைக் கொடுத்தாராம். 'இந்த அம்மாவ எவனாலயும் அடுக்கி வச்சிருக்க முடியாது' என்றாராம். எனக்கு அது எங்கே போய்த் தைத்ததென்று சொல்ல மாட்டேன்.

'அதுக்கு முந்தின ஞாயிறே அக்காவுக்குத் தெரியும், ஒரு வாரம் யாருகிட்டயும் சொல்லல' என்று பின்னால் ஒன்றரைக்கண் யாரிடமோ பெருமையாகச் சொல்வது கேட்டது. திரும்பிப் பார்த்தால் செயலாளர், அவர் மனைவி, டெய்லர், கட்டடமே வரிசையாக நிற்கிறது. ஒருவரும் ஒன்றரைக்கண்ணைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்க்கிறார்கள்.

"அக்கா," என்றாள் டெய்லர், அழாத குறையாக. "அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஒரு வாரம் முழுக்கத் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லலை. உங்கள நம்பித்தானேக்கா நாங்க இருக்கோம்?"